மூன்றாம் கம்பி

பர்னபாஸ் கடலுக்குப் போவான்; கடலுக்குள் இறங்கமாட்டான். வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது அவன் வேலை. கயிற்றின் மறுமுனையில், வெளிச்சம் பச்சையாகிப் பின் கறுத்துப்போகும் ஆழத்தில், அவனுடைய அக்காள் புருஷன் மரியான் மூச்சை அடக்கிக்கொண்டு சங்கு பொறுக்கிக்கொண்டிருப்பான்.

தூத்துக்குடிக் கரையில் கயிறு கட்டிச் சங்கு குளிக்கிறவன் அந்தக் கயிற்றை எவன் கையிலும் கொடுத்துவிடமாட்டான். கூடப் பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணன் தம்பிக்குள் பங்கு இருக்கும், பகை இருக்கும். தன் அக்காளோ தங்கையோ தாலி அறுத்து நிற்பதை எவனும் விரும்பமாட்டான். மரியானின் மனைவி இசபெல்லாவுக்கு உடன்பிறந்தவன் பர்னபாஸ் ஒருவன்தான். ஆகவே மரியானின் மூச்சு அவன் கையில் இருந்தது.

கையில் என்பதைவிட விரலில் என்று சொல்ல வேண்டும். வலது கை இழுப்பதற்கு. இடது சுட்டுவிரல் கேட்பதற்கு. கயிறு அந்த விரலின் மேல்கணுவில் படிந்து வள்ளத்துக்கு வெளியே இறங்கும். கீழே இருப்பவன் மேலே வர நினைக்கும்போது கயிற்றைச் சுண்டுவான். பலமாகச் சுண்டமாட்டான், வீணாக்க அவனிடம் பலம் இருக்காது. தூங்குகிற ஆளை எழுப்பப் பயந்து தொடுவதைப் போல ஒரு தொடுதல். அது விரலில் பட்டதும் வலது கை இழுக்கத் தொடங்கும். சுண்டாமல் இழுக்கக் கூடாது. அப்படி இழுப்பது குளிக்கிறவனை நம்பாத காரியம். கைக்கு எட்டிய சங்கும் போய்விடும்.

எழுபத்து மூன்றாம் வருஷம். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தொலைவில் கொட்டும் கல்லின் ஓசை தண்ணீர் வழியாக வந்து வள்ளத்துப் பலகையில் அதிரும். சின்ன வயதுக்காரர்கள் கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கயிறும், அதன் நுனியில் கட்டி ஆளைக் கீழே இறக்கும் கல்லும் இல்லாமல் குதிக்க ஆரம்பித்திருந்தார்கள். மரியான் அதற்கு உடன்படவில்லை. "கயிறு இல்லாம போறது மீனு. நான் மனுசம்லா" என்பான்.

அந்த வருஷம் சித்திரையில், சங்கு குளிப்பு முடிகிற சமயம், நங்கூரக் கயிறு பர்னபாஸின் இடது சுட்டுவிரலின் அடிக்கணுவைப் பலகையோடு நெரித்துவிட்டது. எலும்பு தப்பியது. எண்ணெய்க் கட்டுப் போட்டுப் புண் ஆறியது. விரலின் அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் வளையமாக நின்றது. "மோதிரம் போட்டாச்சு, பொண்ணு பாக்கதுதான் பாக்கி" என்று மரியான் கேலி செய்தான். விரல் மடங்கியது, நீண்டது. சோறு பிசைகிற கை வலது கை. காய்த்துப்போன இடது கையிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. பர்னபாஸ் அந்த விரலை மறந்தான்.

குளிப்பு இல்லாத மாதங்களில்தான் கிட்டார் வந்தது. பூசையில் கிட்டார் வாசிக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். பாடற்குழுவை நடத்திவந்த ஹில்டா டீச்சர் தன் வீட்டில் சுவரில் தொங்கிய கிட்டாரைக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். அது அவள் கணவன் கிளாட்வின் கொழும்பில் வாங்கியது. கிளாட்வின் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசிப் புயலில் அந்தத் தோணி திரும்பவில்லை. பலகைகள் சில கரை ஒதுங்கின. ஆட்கள் ஒதுங்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது ஹில்டா வீட்டிலேயே இருப்பாள். போய் நிற்க அவளுக்கு அங்கே இடமில்லை.

கணவன் சொல்லிக்கொடுத்த சில பிடிகள் அவளுக்குத் தெரியும். அவற்றைக் கற்றுக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்வரிசையில் நின்று பாடும் பர்னபாஸ், முப்பது வயதைத் தாண்டியவன், கையைத் தூக்கினான்.

"கயிறு பிடிக்கவன் கம்பி பிடிக்க மாட்டானா டீச்சர்?"

"கயிறு ஒண்ணு. இது ஆறு" என்றாள் ஹில்டா.

சனிக்கிழமை மாலைகளில், கோயிலுக்குப் பின்னால் பாடற்குழு அறையில் பாடம் நடந்தது. முதல் பிடி ஈ மேஜர். நடுவிரலும் மோதிரவிரலும் ஐந்தாம் கம்பியிலும் நாலாம் கம்பியிலும் இரண்டாம் கட்டத்தில். சுட்டுவிரல் மூன்றாம் கம்பியில், முதல் கட்டத்தில். பர்னபாஸ் விரல்களை வைத்து, பார்த்து, அழுத்தி, வலது கையால் மேலிருந்து கீழே தடவினான்.

ஓசை வந்தது. திறந்த முற்றத்தின் மேல் மேகம் போவது போல, அறை ஒரு நொடி நிறம் மாறியது. ஹில்டா தலையை நிமிர்த்தினாள்.

"என்ன அடிச்சீங்க?"

"நீங்க சொன்னதுதான் டீச்சர்."

"மறுபடி அடிங்க."

மறுபடி அடித்தான். இந்தத் தடவை ஓசை தெளிவாக, வெயிலோடு வந்தது. அவள் தலையசைத்தாள். மூன்றாம் தடவை மீண்டும் அந்த இருட்டு. ஹில்டா எழுந்துபோய்க் காற்றே அடிக்காத ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

வாரங்கள் போயின. பர்னபாஸுக்குப் பிடிகள் கைவந்தன. ஆனால் ஓசை அவன் சொல்லுக்கு நிற்கவில்லை. அதே விரல்கள், அதே இடம், அதே அழுத்தம். ஒரு தடவை சிரிக்கும், மறு தடவை யாரோ இறந்த வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும். எப்போது எது வரும் என்று அவனால் சொல்ல முடியவில்லை. தனியாக உட்கார்ந்து அடிக்கும்போது இருட்டான ஓசை வந்தால் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பழக்கம் அவனுக்கு வந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் முறையாக வாசித்தான். வருகைப் பாடல், கைதட்டிப் பாடும்படியான பாட்டு. முதல் வரி நன்றாகப் போயிற்று. இரண்டாம் வரியில் கிட்டார் தன் போக்கில் திரும்பியது. ஆர்மோனியம் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். பெண்கள் வரிசையில் பாட்டு தேய்ந்து நின்றது. ஒரு குழந்தை அழுதது. பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த சாமியாரும் ஒரு அடி தயங்கினார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆர்மோனியக்காரர் ஜீவமணி பிடித்துக்கொண்டார். "ஏலே பர்னபாசு, வருகைப் பாட்டுக்கு அடிக்கச் சொன்னா நீ அடக்கத்துக்கு அடிக்கியே! யாரு போயிட்டா? சொன்னா நாங்களும் ஒரு மாலை வாங்கிட்டு வந்திருப்போம்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹில்டா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவள் அவன் அருகே வந்து, கிட்டாரைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவரு தோணிக்குப் போற அன்னைக்கு இந்தப் பிடியத்தான் அடிப்பாரு. சும்மா, திரும்பத் திரும்ப. உங்களுக்கு நான் அத சொல்லிக்கொடுக்கவே இல்ல, பர்னபாஸ்."

கார்த்திகையில் கடல் தெளிந்தது. சங்கு குளிப்பு தொடங்கியது. மரியான் கல்லின் மேல் கால் வைத்து, மூக்கைப் பிடித்து, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். கயிறு பர்னபாஸின் விரல்மேல் ஓடி, பிறகு நின்றது. மரியான் தரை தொட்டுவிட்டான் என்று அர்த்தம். பர்னபாஸ் காத்திருந்தான். தண்ணீரின் மேல் குமிழிகள் வந்தன, பிறகு குறைந்தன. கயிறு பேசவில்லை. வழக்கமான நேரம் கடந்துவிட்டது என்று அவன் உடம்பு சொன்னது. சுண்டாமல் எப்படி இழுப்பது என்று வழக்கம் சொன்னது. அப்போது வள்ளத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் உடைந்து மரியானின் தலை வெளியே வந்தது. கயிற்றை விட்டுவிட்டுத் தானே நீந்தி வந்திருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது.

"என்ன மாப்ள, மேல கடலை கொறிச்சிக்கிட்டு இருந்தியா? கீழ நான் அருள் நிறைஞ்ச மரியாயே சொல்லி முடிச்சு, பரலோக மந்திரத்துல பாதிக்கு வந்துட்டேன்."

"நீ சுண்டவே இல்ல மச்சான்."

"சுண்டலையா? நெசமா கேக்கியா?"

"ஆணையா வரல. கயிறு என் விரல்லதான் கிடக்கு."

மரியான் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு துப்பிவிட்டு மீண்டும் கல்லைக் கேட்டான். அன்று மற்ற முறையெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு சில தடவை கயிறு நன்றாகவே பேசியது. அதுதான் பர்னபாஸை அதிகம் குழப்பியது. முழுக்க ஊமையான பொருளைப் பற்றி மனிதன் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். சில சமயம் பேசி, சில சமயம் வாய் மூடிக்கொள்ளும் பொருளுக்குள் ஒரு மனம் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

அந்த வாரக் கடைசியில் அது மறுபடி நடந்தது. இந்த முறை பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவன் மரியானின் முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். வள்ளத்தில் குப்புறப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினார்கள். மரியானின் கண் வெள்ளை முழுக்கச் சிவந்திருந்தது. பேச்சு வந்ததும் அவன் கேலி செய்யவில்லை.

"மூணு தடவ சுண்டுனேன் மாப்ள. நல்லா சுண்டுனேன். சுண்டுனது அந்தானைக்குப் போய் நடுவுல நின்னுக்கிடுது. நடுவுல யாரோ பிடிச்சிருக்க மாதிரி இருக்கு."

துடுப்புக்காரர்கள் வள்ளத்தைக் கரையைப் பார்த்துத் திருப்பினார்கள்.

இசபெல்லாவுக்கு விஷயம் வள்ளம் வருமுன்பே எட்டிவிட்டது போலிருந்தது. மரியானைப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, அவன் கண் அயர்ந்த பிறகு தம்பியை முற்றத்துக்குக் கூட்டிவந்தாள்.

"நீ அந்தக் கிட்டாரைக் கொண்டுபோய்க் குடுத்துரு."

"கிட்டாருக்கும் இதுக்கும் என்னக்கா?"

"என்னவா? கிளாட்வின் உடம்பு கரைக்கு வரலைல? அவன் ஆசையா வச்சிருந்த சாமான நீ மடியில வச்சித் தடவுத. அவன் அடிச்ச பாட்டு உன் கையில வருதுன்னு ஊரே சொல்லுது. அவன் உங்கூடத்தான் வள்ளத்துல ஏறுதான்ல. அங்கன நடுக் கடல்ல கயிற பிடிக்கது வேற யாரு?"

"அக்கா…"

"அவனுக்குத் துணை வேணும்னா வேற ஆளப் பாக்கட்டும். எம் புருசன விட்டுரச் சொல்லு."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் குரல் தம்பியிடம் பேசுவது போல இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சொன்னாள்.

பர்னபாஸ் இதை முழுதும் நம்பவில்லை. தள்ளவும் அவனிடம் வேறு விளக்கம் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இரண்டு தடவை தப்பிவிட்டது. திங்கட்கிழமை ஆழமான பாருக்கு, கடலடிப் பாறைத் திட்டுக்கு, போவதாகப் பேச்சு. அங்கே கயிறு ஊமையானால் மரியான் தானாக நீந்தி மேலே வரும் தூரம் இல்லை அது.

ஞாயிறு மத்தியானம் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹில்டாவின் வீட்டுக்குப் போனான். சுவரில் ஆணி அப்படியே இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு கிட்டாரின் வடிவத்தில் வெளுத்திருந்தது. அவன் காரணத்தைச் சொன்னான். கயிறு, மரியான், இசபெல்லா சொன்னது, எல்லாம். ஹில்டா முழுதும் கேட்டாள். கிளாட்வின் பெயர் வந்த இடத்தில் அவள் கண்ணில் பயத்துக்குப் பதில் ஒரு பசி தெரிந்ததைப் பர்னபாஸ் பார்த்தான். அவள் அந்த ஓசைக்காக இத்தனை வாரமும் காத்திருந்திருக்கிறாள்.

"ஒரு தடவ அடிங்க. அப்புறம் ஆணியில மாட்டிருவோம்."

அவன் அடித்தான். இருட்டு வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னொரு தடவ." மீண்டும் அதுவே. மூன்றாம் தடவை அவள் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு, அவன் கையை எடுக்கவிடாமல், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தன் விரலால் மீட்டினாள்.

"இது எப்படி ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"ஆறு கம்பி இருந்தாலும் ஒரு பிடியில மூணே சுரந்தான். அடியில ஒண்ணு, உச்சியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு. அடியும் உச்சியும் மேஜர்லயும் அதேதான், மைனர்லயும் அதேதான். நடுவுல இருக்கது மட்டும் ஒரே ஒரு கட்டம் இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பிடியில அந்த நடுச் சுரம் மூணாம் கம்பியில இருக்கு. உங்க சுட்டுவிரல் பிடிக்கது. அத எடுத்துட்டா ஈ மைனர். அவரு வேணும்னே எடுப்பாரு. நீங்க எதுக்கு எடுக்கீங்க?"

"நான் எடுக்கல டீச்சர். அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். பாருங்க, நகம் வெளுத்திருக்கு."

நகம் வெளுத்துத்தான் இருந்தது. ஹில்டா குனிந்து, பக்கவாட்டில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க கம்பிய அழுத்தல" என்றாள். "கம்பிக்குப் பக்கத்துல மரத்த அழுத்துறீங்க."

பர்னபாஸ் கழுத்தை வளைத்துப் பார்த்தான். மேலிருந்து பார்த்தால் விரல் கம்பியின் மேல் இருந்தது. இப்படிப் பார்த்தபோது அது ஒரு அரிசி அகலம் தள்ளி நின்று, முழுப் பலத்தோடு மரத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் கம்பி யாரும் தொடாமல் தன் பாட்டில் அதிர்ந்தது. அவன் பார்வையை விலக்காமல் விரலை நகர்த்தினான். அது கம்பிமேல் ஏறியது. மரத்தின்மேல் இருந்தபோதும் கம்பிமேல் ஏறியபோதும் விரல் அவனிடம் சொன்னது ஒன்றுதான், ஒன்றுமில்லை என்றுதான்.

"டீச்சர், ஊக்கு இருக்கா?"

அவள் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அவன் இடது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"குத்துங்க."

வெளியே ஒரு காக்கை கத்தியது. உப்பு லாரி ஒன்று தெருவைக் கடந்தது.

"குத்துங்க டீச்சர், பயப்படாதீங்க."

"குத்திட்டேன்" என்றாள் ஹில்டா.

கண்ணைத் திறந்தான். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. யாருடைய ரத்தத்தையோ பார்ப்பது போல அதைப் பார்த்தான். தன் கையில் ஒட்டிக்கொண்டு, தன்னோடு உண்டு உறங்கி, சொன்னபடி மடங்கி நீண்டு, ஆனால் தன்னிடம் எதையுமே சொல்லாத ஒன்றோடு இத்தனை மாதம் இருந்திருக்கிறான். பேய் என்றால் வெளியே நிற்கும் என்று நினைத்திருந்தான். கயிறு பேசிய நாட்களில் பேசியது இந்த விரலிடம் அல்ல. பலமாகச் சுண்டியது உள்ளங்கை வரை எட்டியிருக்கிறது. மெல்லச் சுண்டியது இந்த விரலோடு நின்றுவிட்டது. நடுவில் யாரோ பிடித்திருக்கிற மாதிரி என்று மரியான் சொன்னது பொய்யில்லை. பிடித்திருந்தவன் பர்னபாஸ்.

ஹில்டா ஊக்கைத் திரும்பக் குத்திக்கொள்ளவில்லை. "அப்ப அவரு இல்ல" என்றாள்.

அவன் ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"ஒரு தடவ வேணும்னே விரல எடுத்துட்டு அடிங்க."

சுட்டுவிரலை விலக்கி அடித்தான். அடியும் உச்சியும் இருந்த இடத்தில் இருந்தன. நடுவில் இருந்தது ஒரு படி இறங்கியது. அந்தத் துக்கம் கம்பியில் இல்லை, விரலிலும் இல்லை. இரண்டு ஓசைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் இருந்தது என்று அவனுக்கு முதல் தடவையாகக் கேட்டது. தூரத்துக்கு உடம்பு கிடையாது. அதைப் பிடிக்க முடியாது, துரத்தவும் முடியாது.

ஹில்டா ஓசை அடங்கும்வரை கேட்டாள்.

"இது வேற. இது நீங்க அடிக்கது" என்றாள். கிட்டாரை ஆணியில் மாட்டச் சொல்லவில்லை. "கொண்டு போங்க. காதுல கேட்டு அழுத்துங்க. விரல நம்பாதீங்க."

அன்று மாலை அவன் வீட்டில் சொன்னபோது இசபெல்லா நம்பவில்லை. அடுப்பிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றைப் பற்றவைத்துக் கொண்டுவந்து, அவன் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது விரலில் வைத்தாள். தோல் பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் அவன் திரும்பினான். அவள் குச்சியை எறிந்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பேயின்னா ஒரு பூசை வைக்கலாம்" என்றாள் பிறகு. "செத்த விரலுக்கு என்னல வைக்க?"

"தேவமணிய வேணா கயிறு பிடிக்கச் சொல்லுவோமா?" என்றான் பர்னபாஸ். தேவமணி மரியானின் தம்பி, நல்லவன்தான்.

"வேண்டாம்" என்றாள் இசபெல்லா. காரணம் கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள்.

மரியான் சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "வலது கையில கேளு. இடது கையால இழு. அவ்வளவுதான?"

"வலது கைக்கு அந்தப் பாஷை தெரியாது மச்சான்."

"கிட்டாரு மட்டும் தெரிஞ்சிக்கிட்டா வந்தே? இதயும் படிக்கதுதான்."

"தப்பாப் போச்சின்னா?"

மரியான் புகையை விட்டான். "போச்சின்னா உனக்கு உங்க அக்கா சோறு போடமாட்டா. வேற என்ன?"

திங்கட்கிழமை காற்று இல்லை. ஆழப் பாரின் மேல் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. மரியான் இறங்கினான். பர்னபாஸ் கயிற்றை வலது சுட்டுவிரலின் மேல் போட்டுக்கொண்டான். உடனே அவனுக்கு உடம்பு கூசியது. அந்த விரல் எல்லாவற்றையும் கேட்டது. கல் தரையில் உரசுவது, நீரோட்டம் கயிற்றைத் தடவிப்போவது, வள்ளம் மூச்சு விடுவது, எங்கோ கொட்டும் பாறையின் அதிர்வு, எல்லாம் ஒரே சமயத்தில் அதற்குள் வந்தன. ஒரு சுண்டல். இழுத்தான்.

மரியான் வெறுங்கையோடு மேலே வந்தான். "என்னல?"

"சுண்டுனியே மச்சான்."

"நான் இன்னும் குனியவே இல்லல!"

துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. "மாப்ள, நான் சங்கெடுக்க வந்தனா, உனக்கு ஊஞ்சலாட வந்தனா?" என்று மரியான் கத்தினான். மீண்டும் இறங்கினான்.

இந்தத் தடவை பர்னபாஸ் விரலை நம்பாமல் பொறுத்தான். ஒன்றாக வந்த ஓசையைக் கம்பி கம்பியாகப் பிரித்துக் கேட்டது போல, வருவதைப் பிரிக்கப் பார்த்தான். நீரோட்டத்தின் இழுப்பு நீளமானது. எங்கே தொடங்கிற்று என்று தெரியாது. கல்லின் அசைவு மொக்கையானது. மனிதன் இழுப்பதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். காத்திருந்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. இழுத்துவிடு என்று ஒன்று சொன்னது. இரு என்று ஒன்று சொன்னது. பிறகு அது வந்தது. சிறியது, தொடங்கி, முடிந்தது. அவன் இரண்டு கையாலும் இழுத்தான்.

மரியான் மேலே வந்து பலகையைப் பிடித்துக்கொண்டான். வலைப்பையில் சங்குகள் கனத்துத் தொங்கின.

"சரியா?" என்றான் பர்னபாஸ்.

"ம்" என்றான் மரியான். பையைக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் மிதந்தபடி, நெற்றியைப் பலகையில் வைத்து இளைப்பாறினான்.

அடுத்த இறக்கத்துக்கு முன் அடி பார்ப்பதற்காகக் கல்லைத் திரும்ப இறக்கிவிட்டிருந்தார்கள். கயிறு பர்னபாஸின் விரலில் கிடந்தது. அப்போது அது மறுபடி வந்தது. நீளமில்லை, மொக்கையில்லை. தொடங்கி, முடிந்தது. தூங்குகிற ஆளை எழுப்பப் பயந்து தொடுவது போல.

பர்னபாஸ் மரியானின் கைகளைப் பார்த்தான். இரண்டும் பலகைமேல் இருந்தன.

"மச்சான், கயிற காலால தட்டுனியா?"

"காலு இங்கன கிடக்கு. என்னல?"

இன்னொரு முறை வந்தது. வேறு யாரும் அன்று கயிறு கட்டி இறங்கவில்லை. மீனாக இருக்கலாம். நீரோட்டத்தின் ஒரு சுழிப்பாக இருக்கலாம். நேற்றுவரை எதுவும் கேட்டுப் பழகாத கை, இல்லாததைக் கேட்டிருக்கலாம். மூன்றுமே நியாயமான காரணங்கள். மூன்றும் மரியான் சுண்டியபோதும் பொருந்தக்கூடியவை. செத்த விரலாக இருந்திருந்தால் இது எதுவும் அவனை எட்டியிருக்காது.

அவன் இழுக்கத் தொடங்கினான்.

"ஏலே, யார இழுக்க? உங்க மச்சான் இங்கனல்லா இருக்கான்!" என்றான் துடுப்புக்காரன் ஒருவன்.

பர்னபாஸ், கீழே மனிதன் இருந்தால் எப்படி இழுப்பானோ அப்படி, நிறுத்தாமல், உதறாமல் இழுத்தான். தண்ணீருக்குள் வெளிறிய ஒன்று தெரிந்து, பெரிதாகி, மேலே வந்தது. கல். சுத்தமான கல். அதன் பக்கங்களில் தண்ணீர் வழிந்தது. மரியான் அதையும் பார்த்து, மைத்துனனையும் பார்த்தான். "சரி, இறக்கு. போறேன்" என்றான்.

அதன் பிறகு பர்னபாஸ் எந்தச் சுண்டலையும் இழுக்காமல் விட்டதில்லை. மரியானுடையதா, நீரோட்டத்தினுடையதா என்று தீர்மானிக்க நின்றதில்லை. அதனால் மரியானின் கைக்கு வந்த எத்தனையோ சங்குகள் கீழேயே போயின. "எனக்கு மச்சினனா வந்தியா, சங்குக்கு மச்சினனா வந்தியா?" என்று வைவான். வைதாலும் கயிற்றை வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. உடம்பு தளர்ந்து, தானே போதும் என்று சொல்லிக் குளிப்பை விடும்வரை அந்தக் கயிறு பர்னபாஸிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பூசைக்குக் கிட்டார் வாசித்தான். பெரிய வாசிப்புக்காரன் ஆகவில்லை. ஒவ்வொரு பிடிக்கும் தலையைச் சாய்த்து, வந்தது எது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவான். அதனால் பாட்டு சற்று இழுபட்டது. ஜீவமணி அதற்கும் ஏதாவது சொல்வார்.

கடற்கரையில் அவனுக்கு வெறுங்கல் பர்னபாசு என்று பெயர் நிலைத்துவிட்டது. மரியான் வள்ளத்தில் ஏறி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் போதுகூட அவன் சில சமயம் திடீரென்று கயிற்றை இழுப்பான். "யாருல கூப்பிடுதா?" என்று கேலி செய்வார்கள். "மேல வரட்டும், பாப்போம்" என்பான். அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போது துடுப்புகள் நின்றுவிடும். கேலி பேசியவர்களும், கல் தண்ணீருக்கு மேல் வரும்வரை, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.